லிம் அங்கிள் பேச மறுத்த மொழி

மௌரி அவென்யூ இந்தியக் கடையில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. லிம் அங்கிளின் மனைவி மெய்லிங் ஆன்ட்டி. "ரூபி, அவர் போய்விட்டார்" என்றார். ஆன்ட்டி அழவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "சீக்கிரம் வா. அதற்குள் இங்கே ஆரம்பித்துவிட்டார்கள்" என்றார்.

என்ன ஆரம்பித்துவிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டை அறிந்தவர்கள் யாரும் கேட்கமாட்டார்கள். லிம் அங்கிளின் உடல் இன்னும் படுக்கையறையில்தான் இருந்தது. அவருக்கு எந்த மொழியில் அடக்க ஆராதனை நடத்துவது என்று வெளி அறையில் சண்டை மூண்டிருந்தது. கூடையை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். ஃப்ரீவேயில் வண்டிகள் நகரவில்லை. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

நம் தமிழ்ச் சபையில் பலருக்கு அவர் வெறும் சாவி அங்கிள். ஞாயிறுதோறும் நாலு மணிக்கு நமக்கு ஆலயத்தைத் திறந்துவிட்டு, ஹீட்டரைப் போட்டுவிட்டு, பின் வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும் பெரியவர். அவர் யார், ஏன் எப்போதும் கடுகடுவென்று இருந்தார் என்று தெரியாதவர்களுக்காகவும் எழுதும்படி நம் போதகர் கேட்டார். நினைவஞ்சலி என்றால் மனம் அமர்ந்து எழுத வேண்டும். என் மனம் அமரவில்லை. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கிளும் ஆன்ட்டியும் என்னிடம் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன்.

தொண்ணூற்றொன்றில் இங்கே அமெரிக்காவில் நான் வேலைக்குச் சேர்ந்த ஃப்ரீமான்ட் கம்பெனியில் அவர் டெஸ்டிங் பிரிவின் சீனியர் எஞ்சினியர். முதல் வாரம் சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நின்றார். சும்மா நிற்பானேன் என்று, "நீங்கள் சீனாவில் எந்த ஊர்?" என்று கேட்டேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார்.

"நீ பாகிஸ்தானில் எந்த ஊர்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நான் இந்தியா" என்றேன். "பக்கத்துப் பக்கத்து இடம்தானே, அதனால் என்ன?" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை வீட்டில் என் கணவர் செல்வினிடம் பொருமித் தீர்த்தேன்.

"அந்த ஆளு என்னயப் பாத்து பாகிஸ்தானான்னு கேக்காரு."

"நீ மொதல்ல என்ன கேட்ட?"

"சைனால எந்த ஊருன்னு கேட்டேன்."

"அப்ப கரெக்டாத்தான கேட்டிருக்காரு" என்று செல்வின் சிரித்தார்.

மறுநாள் போய் அவரிடம் நேராகவே கேட்டேன். அவர் எனக்குச் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தைவான் சீனாவுக்கு எதிரே கடலில் கிடக்கும் ஒரு தீவு. அரை நூற்றாண்டு ஜப்பான்காரன் ஆண்டான். உலகப்போர் முடிந்ததும் சீனத்திலிருந்து ஒரு அரசாங்கமும் அதன் பட்டாளமும் வந்து இறங்கின. அந்த அரசாங்கம் பிறகு பெரிய நிலத்தைக் கம்யூனிஸ்டுகளிடம் பறிகொடுத்துவிட்டு, இந்தத் தீவிலேயே குடியேறி, இதுதான் சீனா என்று சொல்லிக்கொண்டு ஆண்டது. பள்ளியில் எல்லாரும் சீனத்தின் பொதுமொழியான மாண்டரின்தான் பேச வேண்டும், வீட்டில் பேசுகிற தைவானிய மொழியைப் பேசினால் தண்டனை. பீஜிங்கில் இருந்த அரசும் தைவான் சீனாவுடையது என்றது, தைப்பேயில் இருந்த அரசும் தைவான் சீனாவுடையது என்றது. ஒருவரையொருவர் அழிக்கத் துடித்த இரண்டு அரசுகளும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயின. "நாங்கள் யார் என்று எங்களை மட்டும் யாரும் கேட்கவில்லை" என்றார் அவர். லின் என்றுதான் அவர் பெயரை எல்லாரும் எழுதுவார்கள். அது மாண்டரின் உச்சரிப்பு. அவர் அடம்பிடித்துத் தம் மொழி உச்சரிப்பில் லிம் என்று எழுதுவார். கொரியாவிலும் அந்தப் பெயர் உண்டு என்பதால் கம்பெனியில் பாதிப்பேர் அவரைக் கொரியாக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், அதற்கும் அவருக்குக் கோபம் வரும்.

நம் சபை அப்போது சில குடும்பங்கள்தான். இன்று ஒருவர் வீட்டுக் கராஜில், அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூட அறையில் என்று அலைந்துகொண்டிருந்தோம். நான் அலுத்துக்கொண்டது அவர் காதில் விழுந்தது. அவர் தைவானியப் பிரஸ்பிட்டேரியன் சபையில் மூப்பர். "மதியத்துக்குமேல் எங்கள் ஆலயம் சும்மாதான் கிடக்கிறது" என்றார். அவர்கள் கமிட்டியில் சிலருக்கு நம்மைச் சேர்த்துக்கொள்ள விருப்பமில்லை. சமையலறை நாறிப்போகும் என்றார்களாம். அவர் ஒற்றை ஆளாகப் பேசி வாங்கிக்கொடுத்தார். ஃப்ரிட்ஜின் நடுவில் நீல டேப் ஒட்டி, இந்தப் பக்கம் நமக்கு, அந்தப் பக்கம் அவர்களுக்கு என்று பிரித்தவரும் அவரே. ஒருமுறை நம்மவர் ஒருவர் கருவாட்டுக் குழம்பை மூடாமல் வைத்துவிட, அவர்களுடைய புளித்த சோயாக்கட்டி டோஃபுவும் அதுவும் சேர்ந்து கதவைத் திறந்தவர்களைத் துரத்தின. அங்கிள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இதில் நமக்குள் வித்தியாசமே இல்லை" என்றார். அவர் சிரித்து நான் பார்த்த சொற்பத் தருணங்களில் அது ஒன்று.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு எங்களைச் சாப்பிட அழைத்தார்கள். மெய்லிங் ஆன்ட்டியை அன்றுதான் பார்த்தேன். மெல்லிய உடம்பு, மெல்லிய குரல், கண்ணில் மட்டும் குறும்பு. சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் போட்ட இனிப்புக் கஞ்சி கொடுத்தார். தீவில் முன்பே இருந்தவர்களைச் சர்க்கரைவள்ளி என்றும், பட்டாளத்தோடு வந்தவர்களைச் சேப்பங்கிழங்கு என்றும் கேலி பேசுவார்களாம். "அவர் சர்க்கரைவள்ளி, நான் சேப்பங்கிழங்கு. என் அப்பா அந்தப் பட்டாளத்தில் வந்தவர்" என்று ஆன்ட்டி கிண்ணத்தைக் காட்டிச் சொன்னார். அங்கிள் இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிட்டார்.

அன்று எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். முதலில் எங்களுக்காக என்று நினைத்தேன். நாங்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து, "அடுப்பை அணைத்தாயா?", "அணைத்துவிட்டேன்" என்று கேட்டது. அதுவும் ஆங்கிலம்தான்.

இதை ஆன்ட்டியிடம் கேட்கும் அளவுக்கு நான் பழகச் சில மாதம் ஆயிற்று. ஆலயச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார். இருவரும் டெக்ஸஸில் படிக்கும்போது பழகியவர்கள். காதலித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் மாண்டரினில். "அவருக்கு அந்த மொழியில் அழகான குரல், ரூபி. மாண்டரினில் பேசும்போது அவர் வேடிக்கைக்காரர். உனக்கு அந்த ஆளைத் தெரியாது" என்றார்.

அந்த நாளில் அங்கிள், தைவான் தனி நாடாக வேண்டும் என்ற சுதந்திரக் கட்சிக்காரர்களோடு ஒரு ஊர்வலத்துக்குப் போயிருக்கிறார். முகத்தை மறைத்துக் காகிதப்பை மாட்டிக்கொண்டுதான் போவார்களாம். கூடப் படித்த எவனோ ஒருவன் அடையாளம் கண்டு தைவான் அரசுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டான். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறுத்தார்கள், ஊருக்குள் நுழையக்கூடாதவர்களில் ஒருவராக அவரை வைத்துவிட்டார்கள். பிறகு அவர் அம்மா இறந்துபோனார். அங்கிள் டை கட்டிக்கொண்டு இங்கே இருந்த தம் அரசின் அலுவலகத்துக்குப் போய், பள்ளியில் படித்த மிகப் பணிவான மாண்டரினில், அம்மாவைப் புதைத்துவிட்டு மறுநாளே திரும்பிவிடுகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். உள்ளே இருந்த அதிகாரி, "உன் மாண்டரின் நன்றாகத்தான் இருக்கிறது. உன் மனம்தான் சரியில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவரிடம் ஆன்ட்டி, என்ன சொன்னார்கள் என்று மாண்டரினில் கேட்டார். முடியாது என்றார்கள் என்று அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அன்றோடு சரி. பிறகு அவர் வாயிலிருந்து அந்த மொழி வரவே இல்லை.

"முடியாது என்று அவர்கள் சொன்னது அவருக்கு. தண்டனை எனக்கு" என்றார் ஆன்ட்டி.

"நீங்கள் தைவானிய மொழியைக் கற்றுக்கொண்டிருக்கலாமே" என்றேன்.

ஆன்ட்டி கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆசையாகக் கேட்டிருந்தால் கற்றிருப்பேன். நான் என்ன தப்பு செய்தேன் என்று கற்க வேண்டும்?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த வாரம் அங்கிளிடம் போய், ஆன்ட்டியிடமாவது பேசலாமே என்றேன். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பது எனக்குப் பழக்கம்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்தக் கதவை அவளுக்காகத் திறந்தால் அவள் பின்னாலேயே அந்த அதிகாரியும் உள்ளே வருவான்" என்றார். மனிதர் நல்லவர், நியாயமும் அவர் பக்கம், அந்த நியாயத்தின் பாரம் முழுவதும் ஒரு பெண்ணின் தலையில். இதை நினைத்து நான் பட்ட எரிச்சல் கொஞ்சமல்ல.

கொஞ்ச காலத்தில் அங்கே நிலைமை மாறி, தடை செய்யப்பட்டவர்கள் ஊருக்குள் வரலாம் என்று ஆயிற்று. அங்கிள் போனார். அம்மாவின் கல்லறையில் மண்டியிட்ட போட்டோ ஒன்று எடுத்து வந்தார். சந்தோஷமாகத் திரும்புவார் என்று பார்த்தால், முகம் முன்னைவிடக் கடுத்திருந்தது. அவருடைய சொந்தத் தம்பி பிள்ளைகளே மாண்டரினில்தான் பேசுகிறார்களாம். கடையில் தேநீர்க் கோப்பை ஒன்றுக்குத் தைவானிய மொழியில் விலை கேட்டால், கடைக்காரப் பெண் மாண்டரினில் பதில் சொன்னாளாம்.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"ஆங்கிலத்தில் கேட்டேன். நீங்கள் ஜப்பான்காரரா என்றாள்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் என்னை முறைத்துவிட்டு ஹீட்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

தொண்ணூற்றாறு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தைவானில் மக்கள் முதல்முறையாக ஜனாதிபதியை நேரடியாகத் தேர்ந்தெடுக்கப் போனார்கள். அவர்களைப் பயமுறுத்தச் சீனா தீவுக்கு அருகே கடலில் ஏவுகணைகளை வீசியது. அவர்கள் சபையே கதிகலங்கிப் போயிருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை சேர்ந்து ஜெபிக்க வரும்படி நம்மையும் அழைத்தார்கள். நாம் போனோம். நம் சபையின் மூத்தவர் ஒருவர் (பெயர் வேண்டாம், இதைப் படித்துக்கொண்டிருப்பார்) எழுந்து ஆங்கிலத்தில் உருக்கமாக ஜெபித்தார். அவருக்கு எப்போதுமே குரல் வளம் அதிகம். "ஆண்டவரே, எங்கள் சீனச் சகோதரர்களைக் காத்தருளும். பிரிந்திருக்கிற அவர்களை ஒரே குடும்பமாக, ஒரே தேசமாக இணைத்தருளும்" என்றார். நம் ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் உரக்க "ஆமென்!" என்றார்கள்.

அவர்கள் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. எந்த ஏவுகணை எதற்காக வந்துகொண்டிருந்ததோ, அதையே நாம் ஆண்டவரிடம் கேட்டு வைத்திருந்தோம். எனக்குத் தரைக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. லிம் அங்கிள் எழுந்து வெளியே போனார். போய்விட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்து, நடுவில் நின்று, கண்ணை மூடினார். "ஆண்டவரே, இவர்கள் நல்லவர்கள். சற்றுமுன் கேட்ட ஜெபத்தை மட்டும் தயவுசெய்து தராதேயும்" என்றார். இப்போது அவர்கள் பக்கம் ஆமென் சொன்னது.

கார் நிறுத்துமிடத்தில் மூத்தவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நான் என்னம்மா தப்பா ப்ரே பண்ணிட்டேன்? ஒண்ணா இருங்கன்னுதான சொன்னேன்?"

"அங்கிள், அவங்க ஒண்ணா இருக்க வேண்டாம்னுதான் அழுதிட்டு இருக்காங்க."

"அதெப்படிம்மா? யூனிட்டின்னா எல்லாருக்கும் நல்லதுதான?"

"பெரியவனுக்கு நல்லது அங்கிள். சின்னவனுக்கு இல்ல."

இதற்குள் இன்னொருவர் வந்து இந்தி எதிர்ப்பு, இலங்கை என்று ஆரம்பித்துவிட்டார். எல்லாம் நம்ம கதைதான் என்று லிம் அங்கிளின் தோளில் கை போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். அங்கிள் பொறுமையாகக் கேட்டார். "உங்களுக்கு நேர்ந்ததை நான் அறியேன், அதைப் பற்றிப் பேசமாட்டேன். எங்களுக்கு நேர்ந்ததையும் உங்கள் கதையாக்கிவிடாதீர்கள்" என்றார். அவருக்கு ஆறுதல் சொல்வது அவ்வளவு கடினம். கை கொடுத்தால் கையை ஆராய்வார்.

நம்மைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் நாலு மணிக்குக் கதவு திறந்திருந்தது, ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை மறக்காதிருப்போம்.

இரண்டாயிரத்தில் மறுபடி தேர்தல் வந்தது. சுதந்திரம் பேசிய கட்சி ஜெயிக்கக்கூடும் என்றார்கள். அங்கிளுக்கு ஓட்டு இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, அங்கே ஓட்டுரிமைக்கு வேண்டிய வீட்டுப்பதிவு போய், எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் விமானம் ஏறினார். தம் ஊரில் ஓட்டுச்சாவடி வைத்த பள்ளிக்கூடத்துக்கு எதிர் நடைபாதையில் நின்று, ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஜெயித்தார்கள். தொண்டை கட்டிப்போய்த் திரும்பினார். நம் பிள்ளைகளுக்கெல்லாம் அன்னாசி கேக் கொடுத்தார். மெய்லிங் ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் நடந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

புது ஜனாதிபதி பதவியேற்ற பேச்சின் டேப்பை யாரோ கொண்டுவந்து ஆலய ஹாலில் போட்டார்கள். ஆன்ட்டி பின்னால் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார், நான் கூட இருந்தேன். பேச்சு நடுவில் ஹாலே உறைந்துபோயிற்று. சீனா படையெடுக்காத வரையில் சுதந்திரம் அறிவிக்கமாட்டேன், நாட்டின் பெயரை மாற்றமாட்டேன் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னதாகப் பிறகு எனக்கு விளக்கினார்கள். அங்கிள் எழுந்து டிவியை அணைத்தார். "இத்தனை வருஷம் கழித்து வாயைத் திறக்க விட்டார்கள். திறந்த வாயால் எதையெல்லாம் சொல்லமாட்டேன் என்று சொல்கிறார்" என்றார்.

ஆன்ட்டி கத்தியை வைத்துவிட்டு, மெதுவாக, "முக்கால்வாசிப் பேச்சு மாண்டரினில்தான். உங்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது, இல்லையா?" என்றார். அங்கிள் டேப்பை உருவி உறையில் போட்டார். வீட்டுக்கு ஒரே காரில்தான் போனார்கள்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் ஆங்கிலம் போய்விட்டது. மூளையில் அடிபட்டால் பிற்பாடு கற்ற மொழி முதலில் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் வாயில் அம்மாவின் மொழி மட்டும் மிஞ்சியது. கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு அவர் பேசுவது ஒன்றும் புரியவில்லை. அவர் எதையோ கேட்பார், ஆன்ட்டி தண்ணீர் கொடுப்பார். அவர் இல்லையென்று தலையை ஆட்டுவார், ஆன்ட்டி போர்வையை இழுத்து விடுவார். அவர் மறுபடி தலையை ஆட்டுவார். இத்தனை காலம் கூட வாழ்ந்த இருவர் ஊமைச் சைகையில் தவித்ததைக் கண்ணால் பார்த்தேன், என்னால் தாங்க முடியவில்லை.

போன் மூலம் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பெண் மாண்டரினில், ஐயா, வலி இருக்கிறதா என்று கேட்டாள். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டார். திரும்பக் கேட்டாள். திறக்கவில்லை. நர்ஸ், நோயாளி பதில் தரவில்லை என்று குறித்துக்கொண்டார். ஆன்ட்டி பதறி, "அவருக்குப் புரிகிறது! எல்லாம் புரிகிறது!" என்றார். நர்ஸுக்கு அது எப்படி விளங்கும்? நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் புரியாத தமிழில் கத்தியே விட்டேன். "அங்கிள், ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. வலிக்குதுன்னு சொல்லுங்க. அதுக்குமா உங்க நாடு கோவிச்சுக்கும்?" அவர் கண்ணைத் திறக்கவில்லை. முடியவில்லையா, மாட்டேன் என்றாரா, கர்த்தருக்குத்தான் தெரியும். பிறகு அவர்கள் சபையின் போதகர் தினமும் வந்து தைவானிய மொழியில் கேட்டுச் சொன்னார். தண்ணீரும் வேண்டாம், போர்வையும் வேண்டாம், ஜன்னல் திரையை விலக்கச் சொல்லித்தான் அத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் ரசம் எடுத்துக்கொண்டு போனேன். கதவு சாத்தாமல் இருந்தது. உள்ளே ஆன்ட்டியின் குரல். ஆங்கிலம் இல்லை. நான் கேட்டறியாத வேகத்தில், ஏற்ற இறக்கத்தோடு, இளம்பெண் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினார். அப்போது தணிந்து ஒரு சத்தம் கேட்டது. அவர் குரலோ, பக்கத்தில் ஓடிய ஆக்ஸிஜன் எந்திரமோ, எனக்குத் தெரியாது. ஆன்ட்டி சிரித்தார். நான் ரசத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இனி, அவர் இறந்த அன்று அந்த வீட்டில் நடந்தது. டெக்ஸஸிலிருந்து ஆன்ட்டியின் தம்பி முந்தின நாளே வந்திருந்தார். "என் அக்காவுக்கு ஒரு வார்த்தை புரியாத மொழியில் அவள் புருஷனுக்கு அடக்க ஆராதனையா? இது எந்த ஊர் நியாயம்?" என்றார். அங்கிளின் பழைய தோழர் டாக்டர் சுவா, அவரும் அந்தக் காலத்தில் காகிதப்பை மாட்டிக்கொண்டு நடந்தவர், "வாழ்நாளெல்லாம் அவர் மறுத்த மொழியை அவர் பெட்டியின் மேல் கொட்டப்போகிறீர்களா?" என்றார். தம்பி, சீனத்திலிருந்து வந்த அந்தப் பழைய அரசின் கொடி வைத்த மலர்வளையம் சொல்லியிருந்தார். தோழர்கள் சுதந்திரக் கட்சியின் பச்சைக் கொடி ஒன்றை மடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் சொன்னது நியாயம்தான். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு நியாயத்தையும் வைத்துக்கொண்டு உள்ளே கிடக்கிற மனிதரை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

தம்பி கடைசியில் துணிந்து கேட்டுவிட்டார். "அக்கா, நீயே சொல். சாகும்முன் உன்னிடம் மாண்டரினில் பேசினாரா, இல்லையா?"

டாக்டர் சுவாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பேசினார் என்றால் அவர்களுடைய மனிதர் கடைசியில் தோற்றுவிட்டார். பேசவில்லை என்றால், மனைவியிடம்கூட இரங்காதவர் என்று தம்பி ஊரெல்லாம் சொல்வார்.

ஆன்ட்டி எல்லார் முகத்தையும் பார்த்தார். "அது என்னுடையது" என்றார். பிறகு, "ஆராதனை தைவானிய மொழியில் நடக்கும். அவர் கேட்டது அது ஒன்றுதான். கொடி ஒன்றும் வேண்டாம். எனக்குப் புரிகிற மாதிரி ரூபி ஆங்கிலத்தில் கொஞ்சம் பேசட்டும்" என்றார். அத்தோடு எழுந்து உள்ளே போய், அவருக்குத் தலை வாரிவிட்டார்.

ஆராதனை அப்படியே நடந்தது. முன்வரிசையில் ஆன்ட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பாட்டும் அவருக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. நான் பேசும்போது குரல் உடைந்து பாதியில் நிறுத்திவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும் முன் ஆன்ட்டி கையைக் காட்டி நிறுத்தினார். பெட்டியின் பக்கத்தில் போய், குனிந்து, மாண்டரினில் பேசத் தொடங்கினார். அவசரப்படவில்லை. இரண்டு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார், போனில் மறுமுனையில் இருப்பவர் பேசி முடிக்கக் காத்திருப்பதுபோல் காத்திருப்பார், தலையசைப்பார், மறுபடி பேசுவார். தோழர்கள் எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். அது அவர்கள் வெறுத்த மொழி, அவர்கள் எல்லாருக்கும் அட்சரம் பிசகாமல் தெரிந்த மொழி. ஆன்ட்டி சொன்னது அங்கே ஒவ்வொருவருக்கும் புரிந்தது, என்னைத் தவிர. டாக்டர் சுவாவின் தோள்கள் குலுங்கின. யாரும் ஆன்ட்டியைத் தடுக்கவில்லை. அவர் நிமிர்ந்து, "சரி, முடிந்தது" என்று ஆங்கிலத்தில் சொன்னபிறகுதான் பெட்டி இறங்கியது.

அங்கிள், உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. உங்களை அப்படி ஆக்கியவர்கள் மேலும் ஆறவில்லை. எங்களுக்குக் கூரை கொடுத்தீர்கள், அதற்கு நன்றி சொல்லவும் நீங்கள் விட்டதில்லை, இப்போது சொல்கிறேன். உங்கள் நாடு உங்களுக்கு ஒருநாள் கிடைக்கட்டும். அதன் பெயரை யாரும் கேட்டுத் திருத்தாத நாள் வரட்டும். நீங்கள் போயிருக்கும் இடத்தில் எந்த அதிகாரியும் மேசை போட்டு உட்கார்ந்திருக்கமாட்டான். மெய்லிங் ஆன்ட்டி ஒருநாள் அங்கே வருவார், வந்ததும் தம் மொழியில்தான் கூப்பிடுவார். அப்போது கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். பதில் சொல்லுங்கள், அங்கிள்.